வீட்டுக்கு வந்து சூப் குடி: குவாங்சோவிலிருந்து ஹாங்காங் வரை ஐந்து நாட்கள்

முதல் நாள். டிசம்பர் 17, குவாங்சோ

லிஃப்ட் பதினோராம் மாடியில் திறந்ததுமே எந்த வீடு என்று தெரிந்துவிட்டது. ஆரஞ்சுத் தோலும் இஞ்சியும் இறைச்சியும் ஒன்றாக வெந்த வாசனை நடைபாதை முழுக்க நின்றது. சிங்கப்பூரில் நானும் தோழியும் ஒரே வீட்டில் குடியிருந்த நான்கு ஆண்டுகளும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு இதுதான் வாசனை. காலையில் அடுப்பில் ஏறும் பானை மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறங்கும்.

தென்சீனாவின் இந்தப் பகுதி மக்களான கன்டோனீயர்கள் இதை 'லோ ஃபோ தோங்' என்கிறார்கள். நெடுநேர நெருப்பில் வெந்த சூப் என்று சொல்லலாம். இரண்டு வழிகள் உண்டு. மண்பானையில் நேரடியாகக் கொதிக்கவைப்பது 'பௌ'. மூடியுள்ள பீங்கான் சாடிக்குள் எல்லாவற்றையும் போட்டு, அந்தச் சாடியைக் கொதிநீரில் இறக்கி வேகவைப்பது 'துன்'. 'பௌ மூன்று, துன் நான்கு' என்று ஒரு சொல்வழக்கு உண்டு. மணிக்கணக்கைச் சொல்கிறது.

நான் வந்ததற்குக் காரணம் தோழியின் பாட்டி. அம்மாவின் அம்மா, கன்டோனீய வழக்கில் 'போபோ'. ஹாங்காங்கில் இருக்கிறார். எண்பத்து நான்கு வயது. ஜூன் மாதம் கீழே விழுந்து மணிக்கட்டு உடைந்ததிலிருந்து அவரால் மண்பானையைத் தூக்க முடியவில்லை. அவருடைய சூப்புகளை முழுமையாக எழுதி வைத்துவிட வேண்டும் என்று தோழி முடிவு செய்தாள். எழுதுவதற்கு என்னை அழைத்தாள். அவள் கேட்டால், 'உனக்குத்தான் தெரியுமே' என்று போபோ பேச்சை முடித்துவிடுவாராம். ஒன்றும் தெரியாத வெளியூர்க்காரி கேட்டால் விவரமாகச் சொல்வார். இதைவிட நல்ல காரணத்துக்கு நான் பயணம் செய்ததில்லை. சீன விசாவும் ஹாங்காங்குக்கான முன்பதிவும் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டேன்.

கன்டோனீய வீட்டில் சோற்றுக்கு முன்னால் சூப் வரும். இன்றைய சூப், அவர்கள் குடும்பத்தின் குளிர்கால சூப்: வாட்டர்கிரஸ் கீரையும் வாத்தின் உலர்ந்த இரைப்பையும். கீரையின் பெயர் 'சாய் யோங் சோய்', மேலைக்கடல் கீரை. இங்கே குளிர்காலம் வறண்ட காலம். இந்த சூப் நுரையீரலை ஈரமாக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

கிண்ணத்தில் கரும்பச்சையும் பழுப்பும் கலந்த தெளிவான நீர். முதல் வாய் இனிப்பு, அடுத்து இறைச்சியின் உப்புச்சுவை, விழுங்கிய பிறகு தொண்டையின் அடியில் கசாயம் குடித்தது போன்ற ஒரு கசப்பு. எனக்கு அதுவும் பிடித்தது. தோழி கரண்டியை வைத்துவிட்டாள்.

"மறுபடியும் கசக்கிறது. போபோவின் சூப் கசக்காது."

அவள் இங்கே வேலைக்கு வந்து மூன்றாவது குளிர்காலம் இது. ஒவ்வொரு முறையும் இதே கசப்பு. சமையல் குறிப்பைக் காட்டினாள். அவள் அம்மா திருமணமான புதிதில் எழுதிய நோட்டின் ஒரு பக்கம், கைபேசியில் படமாக இருக்கிறது. அவள் வாசிக்க நான் எழுதிக்கொண்டேன்:

பன்றியின் கால் சதை ஒரு கன். சாய் யோங் சோய் ஒரு கன். வாத்து இரைப்பை இரண்டு. தேனிலந்தை மூன்று. தென் பருப்பும் வட பருப்பும் சேர்த்து ஒரு லோங்; அதில் வட பருப்பு இரண்டு சின். சன்பெய் இரண்டு சின். தண்ணீர் பதினான்கு கிண்ணம்.

கன், லோங், சின் மூன்றும் எடைகள். கன் பெரியது, லோங் அதனினும் சிறியது, பத்து சின் சேர்ந்தால் ஒரு லோங். தென், வட பருப்புகள் ஆப்ரிகாட் பழத்தின் கொட்டைக்குள் இருப்பவை. தேனிலந்தை, சர்க்கரைப் பாகில் ஊறி உலர்ந்த இலந்தை. சன்பெய் என்பது பல ஆண்டுகள் வைத்து முதிர்ந்த மேண்டரின் ஆரஞ்சுத் தோல்.

செய்முறையில் அவள் ஒன்றையும் விடவில்லை. இறைச்சியைப் பச்சைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து, அழுக்கு நுரை எழும்பியதும் அந்த நீரைக் கொட்டிவிட்டு இறைச்சியைக் கழுவுகிறாள். இதற்குப் பெயர் 'ஃபெய் சுய்', பறக்கும் நீர். பானைத் தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே கீரையைப் போடுகிறாள். முன்னால் போட்டால் கீரை கசந்துவிடும் என்று பாட்டிமார் சொல்வார்களாம். கால் மணி நேரம் பெருந்தீ, பிறகு இரண்டு மணி நேரம் சிறுதீ. நடுவில் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது. உப்பு கடைசியில். தண்ணீரை அளக்கப் போபோவின் பழைய சோற்றுக் கிண்ணத்தையே கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். அத்தனை அக்கறை.

"பானையாக இருக்கலாம்" என்றேன். அவளுடையது மின்சாரப் பானை, போபோவுடையது கம்பி கட்டிய மண்பானை. அவள் சந்தேகம் பருப்பின் மேல். நாளை சந்தைக்குப் போகிறோம்.

இரண்டாம் நாள். டிசம்பர் 18, குவாங்சோ

மெட்ரோவில் ஹுவாங்ஷா நிலையத்தில் இறங்கினால் சிங்பிங் சந்தை. பக்கத்திலேயே கால்வாயைத் தாண்டி ஷாமியன் தீவும் அதன் பழைய ஐரோப்பியக் கட்டடங்களும் ஆலமரங்களும். தீவைச் சுற்றிப் பார்க்க அரை மணி நேரம் ஒதுக்கினோம். சந்தைக்கு அரை நாள் போதவில்லை.

சிங்பிங் 1979இல் தொடங்கிய சந்தை. சீனாவில் தனியார் வியாபாரம் மெல்லத் தலைதூக்கிய முதல் ஆண்டுகள் அவை. இப்போது மூலிகைக்கும் உலர்பொருட்களுக்கும் பெயர் பெற்ற இடம். சாக்குகளின் வாயை மடித்துவிட்டு வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். செவ்விலந்தை, கோஜி பழம், உலர்ந்த அல்லிக் கிழங்கு, தாமரை விதை, வெண்காளான், லோங்கன் பழச் சதை, சீனச் சேனை என்று நான் நினைத்து ஏமாந்த 'வாய்சான்' கிழங்கின் வெள்ளை வில்லைகள். ஒரு சாக்கில் சுள்ளிகள் மாதிரி ஏதோ கிடந்தது. முகர்ந்து பார்க்கச் சொன்னாள். தேங்காய்ப்பால் வாசனை! தேங்காயே சேராத ஒரு வேர். அத்தி இனத்து மரம் ஒன்றின் வேர் அது. இலை ஐந்து விரல் விரித்தது போலவும் காய் பீச் பழம் போலவும் இருப்பதால் 'ஐந்து விரல் பீச்' என்று பெயர். எலும்போடு சேர்த்துக் கொதிக்கவைப்பார்கள். அந்த வாசனைக்காகவே ஒரு கட்டு வாங்கிக்கொண்டேன்.

இந்தச் சந்தையில் எனக்கு மிகவும் பிடித்தது, வாங்குபவரை விற்பவர் கேட்கும் கேள்வி. 'எவ்வளவு வேண்டும்' என்பது பிறகுதான் வருகிறது. முதல் கேள்வி, 'யாருக்கு?' இருமல் உள்ளவருக்கா, தூக்கம் வராதவருக்கா, தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கா, பிள்ளை பெற்றவளுக்கா? பதிலுக்கு ஏற்ப அந்தப் பெண்மணியின் கை வேறு வேறு சாக்குக்குப் போகிறது. ஒரு வயதான ஆண், மனைவிக்குக் கால் குளிர்கிறது என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார். அவர் சொன்ன குரலில் இருந்த கவலையைத் தோழி மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

பருப்புக்கு வருகிறேன். தென் பருப்பு பெரியது, தட்டையானது, இனிப்பானது. வட பருப்பு சிறியது, கசப்பானது. ஒன்றை மென்று பார்த்தேன். நாக்கின் பின்பக்கம் முழுக்கக் கசப்பு. இரண்டாவதை எடுத்தபோது விற்பவர் கையைத் தட்டிவிட்டார். வட பருப்பு அளவு மீறினால் நஞ்சு. சயனைடை உண்டாக்கும் பொருள் அதில் இருக்கிறது. அதனால்தான் எல்லாக் குறிப்புகளிலும் தென் பருப்பு நிறையவும் வட பருப்பு கொஞ்சமாகவும் வருகிறது.

தோழி படத்தை நீட்டினாள். அவர் படித்தார். நல்ல குறிப்பு என்றார். பருப்பிலும் குறை இல்லை, புதுச் சரக்கு. ஒரு லோங் எடை போட்டுக் கொடுத்தார். மின்தராசில் 50 என்று வந்ததை நோட்டில் எழுதிக்கொண்டேன். நமக்குக் கிராம்தானே புரியும்.

"தோலைப் பாருங்கள்" என்று அனுப்பினார். சன்பெய் இளசாக இருந்தால் காரமும் கசப்பும் முந்துமாம். ஆக, நாளை தோல் தேடிப் பயணம்.

இரவு உணவுக்குத் தெருமுனையில் 'துன்' சூப் கடை. உயரமான ஆவிப்பெட்டியில் கைக்கு அடங்கும் பீங்கான் சாடிகள் வரிசையாக வேகின்றன. எல்லா மேசையிலும் வேலை முடிந்து தனியாக வந்தவர்கள். கோழியும் லோங்கனும் போட்ட சூப்பைக் குடித்தேன். நன்றாகவே இருந்தது. தோழி பாதியில் கைபேசியை எடுத்துப் போபோவிடம் பேசத் தொடங்கிவிட்டாள். நெடுநேரம் தொலைபேசியில் பேசுவதைக் கன்டோனீயர்கள் 'தொலைபேசிக் கஞ்சி காய்ச்சுவது' என்பார்கள். அதற்கும் 'பௌ' என்ற வினைதான்.

மூன்றாம் நாள். டிசம்பர் 19, சின்ஹுய்

ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். சன்பெய்க்குச் சின்ஹுய், மல்லிக்கு மதுரை போல.

நாங்கள் போனது அறுவடைக் காலம். காயாகப் பறித்தால் பச்சைத் தோல், அரைப் பழமாக இருந்தால் இரண்டாம் சிவப்பு, குளிரில் நன்றாகப் பழுத்தால் பெருஞ்சிவப்பு. ஒரு வீட்டு முற்றத்தில் நான்கு பெண்கள் உட்கார்ந்து பழம் உரித்துக்கொண்டிருந்தார்கள். கத்தி மூன்று கோடு போடுகிறது. தோல் மூன்று இதழாக விரிந்து, அடியில் ஒட்டியபடியே கழன்று வருகிறது. சுளைகள் ஒரு பெரிய வாளியில் கேட்பாரின்றிக் கிடக்கின்றன. இங்கே பழத்துக்கு மதிப்பில்லை, தோலுக்குத்தான் மதிப்பு. இனிப்புச் சுளை ஆறு தின்றேன்.

தோல் ஓரிரு நாளில் வாடி மெத்தென்று ஆனதும் உட்புறம் வெளியே வரும்படி திருப்புகிறார்கள். பிறகு மூங்கில் தட்டுகளில் வெயில். குறைந்தது மூன்று ஆண்டு ஆனால்தான் அதற்குச் சன்பெய் என்று பெயர். அதுவரை வெறும் தோல். ஆண்டுதோறும் எடுத்து வெயில் காட்டி மறுபடி வைக்க வேண்டும். ஒரு மழைக்காலத்தில் அசட்டையாக இருந்தால் பூசணம் பிடித்துப் பத்தாண்டுக் காத்திருப்பு போய்விடும். உப்பு நார்த்தங்காயை ஜாடியில் வைத்துக் காத்த நம் பாட்டிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். 'ஒரு லோங் சன்பெய், ஒரு லோங் பொன்' என்கிறார்கள்.

கடைக்காரர் மூன்று வயதுத் தோலையும் பதினைந்து வயதுத் தோலையும் தனித்தனிக் கோப்பையில் வெந்நீர் ஊற்றித் தந்தார். இளசு, ஆரஞ்சு மிட்டாய் வாசனையோடு துள்ளியது. முதிர்ந்தது நிறம் கறுத்து, பழைய மரப்பெட்டியைத் திறந்தது போல மணத்தது; குடித்தால் தொண்டையில் ஒரு குளிர்ச்சி. தோழி தன் பையிலிருந்து குவாங்சோ வீட்டுத் தோலை எடுத்துக் காட்டினாள். அவர் முகர்ந்து பார்த்துவிட்டுப் பத்து ஆண்டு இருக்கும், அருமையான தோல் என்றார்.

அருமையாகத்தான் இருக்கும். அது போபோ தன் ஜாடியிலிருந்து கொடுத்தது.

ஆகவே தோலும் இல்லை. திரும்பும் ரயிலில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவளுக்குப் பயம் ஒன்று இருக்கிறது, அதை இன்றுதான் சொன்னாள். கசப்பு தன் கையில் இருக்கிறதோ என்று. சில கைகளுக்குச் சில சமையல் வராது என்று அவள் பெரியம்மா ஒருமுறை சொன்னாராம்.

நான்காம் நாள். டிசம்பர் 20, ஹாங்காங்

கண்டுபிடித்துவிட்டோம்!

வரிசையாகச் சொல்கிறேன். குவாங்சோ தெற்கு நிலையத்திலிருந்து அதிவேக ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் மேற்கு கவுலூன். பாதையின் ஹாங்காங் பகுதி 2018 செப்டம்பரில் திறந்தது. இரு பக்கக் குடிவரவுச் சோதனையும் மேற்கு கவுலூன் நிலையத்திலேயே முடிகிறது. பெட்டியை இழுத்துக்கொண்டு நேராக ஷியுங் வான் போனோம். போபோவின் வீட்டுக்குப் போகும் முன் அவர் வழக்கமாக வாங்கும் கடையைப் பார்த்துவிட வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

1904இலிருந்து ஓடும் டிராம் இன்றும் மணியடித்துக்கொண்டு டெ வோ சாலை மேற்கில் போகிறது. அதன் இருபுறமும் உலர்ந்த கடல் உணவுக் கடைகள்: கணவாய், சிப்பித் தசை, கடல் அட்டை, மீனின் காற்றுப்பை. நம் ஊர்க் கருவாட்டுக் கடையின் வாசனை, ஆனால் கண்ணாடிச் சாடிகளில். உள்ளே திரும்பினால் கோ ஷிங் தெரு, மூலிகை மொத்த வியாபாரத்தின் இடம். போபோவின் கடையில் சுவர் முழுக்கச் சிறு இழுப்பறைகள். அந்த அலமாரிக்கு 'நூறு பிள்ளை அலமாரி' என்று பெயர். ஓர் இழுப்பறையிலும் பெயர் எழுதவில்லை. பெரியவர் பாராமலே கையை நீட்டி எடுக்கிறார்.

பருப்பு ஒரு லோங் கேட்டோம். கைத்தராசில் நிறுத்தார். எனக்குக் கிராம் வேண்டும், மின்தராசில் போட்டுக் காட்டுங்கள் என்று தோழி வழியாகக் கேட்டேன். போட்டார். 38.

முந்தின பக்கத்தைப் புரட்டினேன். சிங்பிங் சந்தை, ஒரு லோங், 50.

ஒரே எழுத்து, ஒரே சொல், இரண்டு எடை. தோழி என் நோட்டைப் பிடுங்கிக்கொண்டு தெருவிலேயே நின்றுவிட்டாள். சரக்கு வண்டிக்காரர் இரண்டு முறை சத்தம் போட்ட பிறகுதான் ஓரமாக வந்தோம்.

ஹாங்காங்கில் இன்றும் ஒரு கன் என்றால் பதினாறு லோங். சுமார் 605 கிராம். சீனாவிலும் முன்பு பதினாறுதான். அங்கே கன் முன்பே 500 கிராம் ஆகியிருந்தது; 1959இல் அதைப் பத்து லோங்காகப் பிரித்துவிட்டார்கள். கன் சிறுத்தது, லோங் பெருத்தது! குவாங்சோவில் கன் குறைவு என்று அவளுக்குத் தெரியும். அது சிறு வித்தியாசம் என்று விட்டிருந்தாள். லோங் எதிர்ப்பக்கம் போகிறது என்பதை யோசிக்கவில்லை. இறைச்சியும் கீரையும் ஆறில் ஒரு பங்கு குறைய, பருப்பும் தோலும் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டன. போபோவின் பானையில் பருப்பு இறைச்சியில் பதினாறில் ஒரு பங்கு. பேத்தியின் பானையில் பத்தில் ஒரு பங்கு. கசக்காமல் என்ன செய்யும்?

"அரை கன், எட்டு லோங்" என்று அவள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இரண்டும் ஒன்றுதான் என்பதற்குக் கன்டோனீயர்கள் சொல்லும் பழமொழி. குழந்தையிலிருந்து சொல்லி வந்திருக்கிறாள். பதினாறில் பாதி எட்டு என்ற கணக்கு அந்தப் பழமொழிக்குள்ளேயே இருந்தது.

எனக்கு என் அம்மாச்சியின் நோட்டு நினைவுக்கு வந்தது. 'சுக்கு இரண்டு பலம்' என்று எழுதியிருப்பார். ஒரு பலம் எத்தனை கிராம் என்று என் வீட்டில் யாருக்கும் தெரியாததால் அந்த லேகியத்தை யாரும் கிண்டுவதில்லை. மூன்று தோலா ஒரு பலம், ஏறத்தாழ 35 கிராம். இன்று இந்தத் தெருவில் நின்றுதான் கணக்குப் போட்டேன். அவ்வளவு நாள் சும்மா இருந்திருக்கிறேன்.

போபோவின் வீட்டில் விஷயத்தைச் சொன்னோம். அவர் அமைதியாகக் கேட்டார். தாம் ஒருநாளும் எடை போட்டதில்லை என்றார். கோ ஷிங் தெருவுக்குப் போய் 'சாய் யோங் சோய் சூப்புக்கு' என்பார். கடைக்காரர் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். பெண்ணுக்குக் கல்யாணமானபோது அவள் கடையில் நின்று ஒவ்வொன்றையும் நிறுக்கச் சொல்லி எழுதியதுதான் அந்தப் பக்கம். ஆக, குடும்பக் குறிப்பில் பாதி அந்த இழுப்பறைகளில் இருந்திருக்கிறது.

பிறகு நோட்டில் இல்லாதவற்றைச் சொல்லத் தொடங்கினார். வெளியூர்க்காரியாக நான் கேள்விமேல் கேள்வி கேட்டேன். சன்பெய்யை ஊறவைத்து உட்புற வெள்ளையைக் கத்தி முதுகால் சுரண்ட வேண்டும். கீரையில் ஒரு தண்டைப் பச்சையாகக் கடித்துப் பார்க்க வேண்டும். காரம் அதிகமாக இருந்தால் தேனிலந்தை நான்கு. இருமுகிறவர் வீட்டில் இருந்தால் வாத்து இரைப்பையைக் குறைத்துவிட வேண்டும். புது மண்பானையில் முதலில் கஞ்சி காய்ச்ச வேண்டும், அப்போதுதான் நுண்துளைகள் அடையும். மீன் சூப் என்றால் மீனை இஞ்சியோடு பொரித்துக் கொதிநீரை ஊற்றினால் பால் மாதிரி வெளுக்கும். இன்று மட்டும் பதினோரு சூப். கை வலிக்கிறது, மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஐந்தாம் நாள். டிசம்பர் 21, ஹாங்காங்

இன்று குளிர்காலக் கதிர்த்திருப்ப நாள், 'துங் சி'. 'துங் புத்தாண்டைவிடப் பெரிது' என்பார்கள். கடைகள் முன்னதாகவே மூடுகின்றன, குடும்பம் முழுக்கச் சாப்பாட்டுக்குக் கூடுகிறது. காலையிலேயே எல்லோருடைய கைபேசிக்கும் ஒரே செய்தி போயிருந்தது: வீட்டுக்கு வந்து சூப் குடி. ஹாங்காங்கில் அம்மாக்கள் 'உன்னைப் பார்க்க வேண்டும்' என்பதை இப்படித்தான் சொல்கிறார்கள் என்று தோழி சொன்னாள்.

சந்தையில் இறைச்சிக் கடைக்காரர் 'என்ன சூப்?' என்று கேட்டுவிட்டே கத்தியை எடுத்தார். சூப்பைச் சொன்னால் போதும், துண்டை அவர் தேர்ந்தெடுப்பார். காய்க்கடைப் பெண்மணி கீரைக் கட்டுக்கு மேல் இரண்டு வெங்காயத்தாளைச் சும்மா செருகினார். கறிவேப்பிலைக் கொசுறு! மாங் காக்கில் இந்தக் கீரையின் பெயரில் ஒரு தெருவே இருக்கிறது. அங்கே ஒரு காலத்தில் இது விளைந்த வயல்கள் இருந்தன. இப்போது வானளாவும் கடைகள். கீரை இன்றும் தாய் மோ ஷான் மலைப்பக்கம் சுன் லுங் கிராமத்து ஓடைநீரில் விளைகிறது.

அடுக்களையில் இரண்டு பேர் நிற்கலாம். மூன்றாவதாகப் போபோ வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். உடைந்து கூடிய கை மடியில். தோழி தண்டைக் கடித்துப் பார்த்து, சற்று யோசித்து, நான்காவது தேனிலந்தையை எடுத்தாள். போபோ பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. நான் மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன்: 605, 605, 38, 7.5.

மாலை ஆறு மணிக்கு ஒன்பது பேர். பானைக்குச் சுற்றிலும் கிண்ணங்கள். தோழியின் அப்பாவுக்குக் கீல்வாதம். நெடுநேரம் வெந்த இறைச்சிச் சாற்றில் யூரிக் அமிலத்தைக் கூட்டும் பொருள் அதிகம் என்று மருத்துவர் தடுத்திருக்கிறார். அவருக்கு அரைக் கிண்ணம். அதை மிக மெதுவாகக் குடித்தார். போபோ ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பு ஒரு சிட்டிகை கூடியிருக்கிறது" என்றார். தோழி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கசப்பைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை, ஏனென்றால் கசப்பு இல்லை. வெந்த இறைச்சியையும் கீரையையும் தட்டில் எடுத்து வைத்துச் சோயா சாஸில் தொட்டுச் சாப்பிட்டோம்.

சாப்பாட்டுக்குப் பிறகு 'தோங் யுன்': பசையரிசி மாவை உருட்டி இஞ்சிப் பாகில் வேகவைப்பது. எல்லோரும் உருட்டினோம். உருட்டிக்கொண்டே போபோ என்னைக் கேட்டார், உங்கள் வீட்டில் என்ன சூப்?

ரசம் என்றேன். புளி, தக்காளி, மிளகு, சீரகம், பூண்டு. சளி பிடித்தால் அதுதான். எத்தனை மணி நேரம் கொதிக்கும் என்று கேட்டார். கொதிக்கக் கூடாது, நுரை கட்டி வரும்போது இறக்கிவிட வேண்டும் என்று சொன்னதைத் தோழி மொழிபெயர்த்தபோது மேசையில் ஒரு கணம் அமைதி. பிறகு போபோ தலையசைத்தார். விரைவில் கொதிக்கவைத்து இறக்கும் சூப்பும் அவர்களிடம் உண்டு, 'குன் தோங்' என்று பெயர். நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். குறிப்பு வேண்டுமாம்.

புளி எவ்வளவு?

எலுமிச்சம்பழ அளவு என்றேன். தோழி சொன்னதும் போபோ குளிர்பெட்டியைக் கைகாட்டினார். யாரோ எலுமிச்சையை எடுத்து வந்தார்கள். மஞ்சளாக, நீளமாக, என் உள்ளங்கை நிறையும் பெரிய எலுமிச்சை. அந்த அளவுக்குப் புளி போட்டால் ரசம் என்னவாகும்! இல்லை, இல்லை, எங்கள் ஊர் எலுமிச்சை, சிறியது, உருண்டையானது என்று விரலைக் குவித்துக் காட்டினேன். போபோவுக்குத் திருப்தி இல்லை.

பாத்திரத்தில் மிச்சமிருந்த மாவைக் கிள்ளி உருட்டினேன். கொஞ்சம் எடுத்தேன், மறுபடி உருட்டினேன். சென்னையில் அம்மா புளிப்பானைக்குள் கை விட்டு எடுக்கும் உருண்டையை நினைத்துக்கொண்டு, இதுதான் என்று நீட்டினேன். போபோ அதை வாங்கி நோட்டின் வெள்ளைப் பக்கத்தில் வைத்தார். நல்ல கையால் பென்சிலைப் பிடித்து, உருண்டையைச் சுற்றி மெதுவாக ஒரு வட்டம் வரைந்தார்.